மேனேஜ்டு என்று எழுதப்பட்ட ஒரு வரி

எங்கள் தெருவில் யாராவது மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பினால், கையில் கொடுத்தனுப்பிய டிஸ்சார்ஜ் சம்மரியை என்னிடம் நீட்டி, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்பது வழக்கம். நான் மருத்துவம் படித்தவன் அல்லன். கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்பதால், ஆங்கிலத்தில் எழுதிய எதையும் எனக்குப் படித்துச் சொல்லத் தெரியும் என்று நம்புகிறார்கள். மருந்துகளைப் பற்றியோ சோதனை முடிவுகளைப் பற்றியோ கேட்டால், மருத்துவரிடமே கேளுங்கள் என்று சொல்லிவிடுவேன். சாதாரண வாக்கியங்களை மட்டும் தமிழில் சொல்வேன். அப்படி வந்த ஒரு தாளில் இருந்த ஒரே ஒரு வரி பல மாதங்களாக மனத்தில் கிடந்து உறுத்திக்கொண்டிருக்கிறது.

எதிர்வீட்டுப் பெண்ணின் கணவர், அடிவயிற்றின் வலப்பக்கத்தில் கடும் வலி என்று மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்தார். குடல்வாலில் அழற்சி ஏற்பட்டு, அது கட்டியாகத் திரண்டிருப்பது ஸ்கேனில் தெரிந்திருக்கிறது. குடல்வால் என்றாலே உடனடியாக ஆபரேஷன் என்றுதான் நம் ஊரில் எல்லாரும் அறிந்திருக்கிறோம். அவரையோ ஆபரேஷன் செய்யாமலே சில நாட்கள் வைத்திருந்து, ஆறு வாரம் கழித்து வரச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். தாளின் நடுவில், ‘பேஷன்ட் வாஸ் மேனேஜ்டு கன்சர்வேட்டிவ்லி’ என்று ஒரு வரி இருந்தது. அந்தப் பெண் அதை எழுத்துக்கூட்டிப் படித்திருக்கிறார். மகன் கைபேசியில் போட்டு மொழிபெயர்த்தும் பார்த்திருக்கிறான். ‘நோயாளி பழமைவாதமாக நிர்வகிக்கப்பட்டார்’ என்று அது சொல்லியிருக்கிறது. “பழமைவாதம்னா என்னன்னு தெரியல சார். ஆனா மேனேஜ்னா தெரியுமே. வைத்தியம் எதுவும் பண்ணாம, சும்மா மேனேஜ் பண்ணி அனுப்பிட்டாங்களா?” என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை. ஏமாந்துவிட்டோமோ என்ற அச்சம் இருந்தது.

கத்தி வைக்காமல் மருந்தாலேயே நோயைத் தணித்திருக்கிறார்கள், மருத்துவத் தாள்களில் வழக்கமாக எழுதும் தொடர்தான் இது, பயப்பட வேண்டாம் என்று சொன்னேன். அவர் தலையசைத்துவிட்டுப் போனார். ஆனால் அவர் கேட்ட கேள்வி என்னை விட்டுப் போகவில்லை. தமிழ் பேசும் ஊரில் அந்தச் சொல் எந்தப் பொருளில் புழங்குகிறதோ, அந்தப் பொருளை அவர் பிசகில்லாமல் பிடித்திருந்தார். பணம் போதாதபோது மாதக் கடைசியை ‘மேனேஜ் பண்ணுகிறோம்’. சமையல் எரிவாயு தீர்ந்துவிட்டால் மின்சார அடுப்பை வைத்து ஒரு வேளையை ‘மேனேஜ் பண்ணுகிறோம்’. உரிய தாள்கள் இல்லாமல் ஓர் அலுவலகத்துக்குப் போகிறவரிடம், உடன் வருபவர் ‘வாங்க, மேனேஜ் பண்ணிடலாம்’ என்று சொல்வது இன்னொரு பொருள். அதில் ஆளைப் பிடித்தல், மழுப்புதல், சில வேளை கையூட்டு எல்லாம் அடக்கம். உள்ளதை வைத்து ஒப்பேற்றுவது, இல்லாததை மறைப்பது என்ற இரண்டும்தான் தமிழ்ப் பேச்சில் இந்த ஆங்கில வினைக்கு வாய்த்திருக்கும் பொருள்கள். இவற்றில் எதை வைத்துப் படித்தாலும், உயிருக்குப் போராடிய ஒரு மனிதரைப் பற்றி ‘மேனேஜ்டு’ என்று எழுதியிருப்பது நடுக்கம் தரக்கூடியதே.

இந்தச் சொல் நம்மிடம் இரண்டு வாசல் வழியாக வந்தது என்று நினைக்கிறேன். மேனேஜர் என்ற பெயர்ச்சொல் வங்கி, தேயிலைத் தோட்டம், மில், உதவிபெறும் பள்ளி வழியாக வந்தது. அதிகாரம் உள்ளவரைக் குறித்தது. ‘மேனேஜ் பண்ணு’ என்ற வினையோ வீட்டுப் பேச்சில் வளர்ந்தது. அதிகாரமோ பணமோ ஆளோ இல்லாதவரின் செயலைக் குறித்தது. மேனேஜர் செய்வதை நாம் மேனேஜ் பண்ணுவது என்று சொல்வதில்லை. நிர்வாகம் செய்கிறார் என்கிறோம். மேனேஜ் பண்ணுகிறவர் வீட்டில் அரிசியை அளந்து போடுகிற பெண். இந்தப் பிளவு ஆங்கிலத்துக்கு உள்ளேயே இருப்பதுதான் என்பதைப் பின்னோக்கிப் போய்ப் பார்த்தால் தெரிகிறது.

குதிரையும் வீடும்

இந்த வினை 16ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோது அதற்கு அலுவலகத்தோடு எந்தத் தொடர்பும் இல்லை. இத்தாலிய மொழியில் ‘மனெஜ்ஜாரே’ என்றால் கையால் பிடித்து ஆள்வது. குறிப்பாகக் குதிரையைப் பழக்குவது. கை என்று பொருள்படும் ‘மனுஸ்’ என்ற லத்தீன் சொல்தான் அதன் வேர். அந்த நூற்றாண்டில் குதிரையேற்றக் கலைக்கு இத்தாலி, அதிலும் நேப்பிள்ஸ், பெயர் பெற்றிருந்தது. நேப்பிள்ஸைச் சேர்ந்த ஃபெதெரிகோ கிரிசோனே 1550இல் வெளியிட்ட குதிரையேற்ற நூல் ஐரோப்பா முழுவதும் பரவியது. ஆங்கிலத்திலும் தழுவி எழுதப்பட்டது. கலையோடு சேர்ந்து கலைச்சொல்லும் கடல் கடந்தது. ஷேக்ஸ்பியரின் ‘ஆஸ் யூ லைக் இட்’ நாடகத்தின் முதல் பேச்சிலேயே, ஆர்லண்டோ என்ற இளைஞன், அண்ணன் தன் குதிரைகளுக்குக்கூட நல்ல தீனி போட்டுப் பயிற்சி கொடுத்து வளர்க்கிறான், எனக்குத்தான் கல்வி தராமல் வைத்திருக்கிறான் என்று முறையிடுகிறான். அங்கே குதிரைப் பயிற்சிக்கு அவன் சொல்லும் பெயர்ச்சொல் ‘மேனேஜ்’. பிரெஞ்சில் இன்றும் குதிரைப் பயிற்சிக்களத்துக்கு ‘மனேஜ்’ என்றே பெயர்.

குதிரையைப் பழக்குவது அதை அடக்குவதோடு முடிவதில்லை. அடித்து ஒடுக்கிய குதிரையை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. அதன் வேகம் அதனிடமே இருக்க வேண்டும். கடிவாளத்தின் வழியே கைக்கும் வாய்க்கும் இடையில் ஓர் இணக்கம் ஏற்பட வேண்டும். அந்த இணக்கத்தை ஒவ்வொரு நாளும் புதுப்பிக்க வேண்டும். ஒரு நாள் ஏறி வென்றுவிட்டால் வேலை முடிந்தது என்று சொல்லக்கூடியதாக அது இல்லை. இந்தப் பொருள் வேரிலேயே இருக்கிறது என்பதை மனத்தில் இருத்திக்கொண்டால், பின்னால் மருத்துவர்கள் இந்தச் சொல்லை ஏன் எடுத்துக்கொண்டார்கள் என்பது விளங்கும்.

17ஆம் நூற்றாண்டில் இன்னொரு சொல் இதோடு வந்து கலந்தது. பிரெஞ்சில் வீட்டையும் குடும்பத்தையும் குறிக்கும் ‘மெனாஜ்’, அதிலிருந்து பிறந்து, சிக்கனமாகச் செலவிடு, பார்த்து நடத்து என்று பொருள்படும் ‘மெனாஜே’ ஆகியவையே அவை. இவற்றின் வேர் வேறு. தங்குமிடம் என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தவை. ஒலி ஒத்திருந்ததால் கைச்சொல்லும் வீட்டுச்சொல்லும் ஆங்கிலத்தில் ஒன்றாகிவிட்டன. 1755இல் சாமுவேல் ஜான்சன் தொகுத்த அகராதியில் குதிரையைப் பழக்குதல், ஆயுதத்தை எளிதாக வீசுதல், வழிக்குக் கொண்டுவருதல், சிக்கனமாகப் பயன்படுத்துதல் என்று எல்லாம் ஒரே சொல்லின் கீழ் அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒருவரை இங்கிதத்தோடு, எச்சரிக்கையாக நடத்துதல் என்ற பொருளையும் தந்துவிட்டு, இது பிரெஞ்சு வழக்கு, பின்பற்றத் தக்கதன்று என்று அவர் கண்டித்திருக்கிறார். ஆக, கையால் ஆளும் வலிமையும், இருப்பதை வைத்து வீட்டை ஓட்டும் சிக்கனமும் ஒரே வினைக்குள் ஏறக்குறைய நானூறு ஆண்டுகளாகக் குடியிருக்கின்றன.

வணிகத்துக்கு இந்தச் சொல் போன கதையை இங்கே விரித்து எழுதப் போவதில்லை. ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். நம் நாட்டில் இது ஒரு சட்டப்பூர்வமான ஏற்பாட்டின் பெயராகவே நிலவியது. 1834இல் கல்கத்தாவில் துவாரகநாத் தாகூர் பங்காளியாக இருந்த கார், தாகூர் நிறுவனத்தோடு தொடங்கியதாகச் சொல்லப்படும் மேனேஜிங் ஏஜென்சி முறையில், ஒரு நிறுவனத்தில் சிறு பங்கே வைத்திருக்கும் இன்னொரு நிறுவனம், ஒப்பந்தத்தின் பேரில் அதை முழுவதும் நடத்திவந்தது. இந்த முறை 1970இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. சென்னையில் பெரும் பெயரோடு விளங்கிய அர்பத்நாட் என்ற வங்கி நிறுவனம் 1906 அக்டோபரில் வீழ்ந்தபோது, அதை நம்பிப் பணம் போட்டிருந்த குடும்பங்கள் வாழ்நாள் சேமிப்பை இழந்தன. அந்த அடியின் விளைவாகவே அடுத்த ஆண்டு இந்தியன் வங்கி பிறந்தது. பிறருடைய பொருளைத் தன் கையில் வைத்து நடத்துகிறவர் என்ற பொருள் மேனேஜரிடம் இருக்கிறது. உடைமை வேறொருவருடையது, பொறுப்பு இவருடையது. மருத்துவருக்கும் நோயாளியின் உடம்புக்கும் உள்ள உறவும் இதுவே.

செயப்படுபொருள் மாறும்போது

வகுப்பில் இந்த வினையைக் கற்பிக்கும்போது பொருளைச் சொல்வதைவிட அமைப்பைக் காட்டுவதையே விரும்பினேன். அடுத்து என்ன வருகிறது என்பதைப் பொறுத்து இதன் முகம் மாறிவிடுகிறது. அடுத்து ஒரு பெயர்ச்சொல் செயப்படுபொருளாக வந்தால், அதை ஆள்பவர் ஒருவர் இருக்கிறார் என்று பொருள்: கடையை, அணியை, பணத்தை, நேரத்தை. அடுத்து ‘டு’ சேர்ந்த ஒரு வினை வந்தால், தடையைத் தாண்டி அந்தச் செயல் நடந்தேறியது என்று பொருள். எதுவுமே வராமல் வாக்கியம் அங்கேயே முடிந்தால், பிறர் உதவியின்றிக் காலம் தள்ளுகிறார் என்று பொருள். இதைத் தவிர, ‘செவ்வாய்க்கிழமை வர முடியுமா’ என்று கேட்கவும், ‘இன்னும் ஓர் இட்லி சாப்பிட இடமிருக்கிறதா’ என்று கேட்கவும், அழுகையை அடக்கிக்கொண்டு ஒருவர் வரவழைத்த சிறு புன்னகையைச் சொல்லவும் ஆங்கிலேயர்கள் இந்த வினையையே பயன்படுத்துகிறார்கள்.

இரண்டாவது அமைப்பு மொழியியலாளர்களின் கவனத்தைப் பெற்றது. ஃபின்லாந்தில் பிறந்த லௌரி கார்ட்டுனென் 1971இல் எழுதிய கட்டுரையில், இதைப் போன்ற வினைகளுக்கு ஒரு தனித் தன்மை இருப்பதை எடுத்துக்காட்டினார். ‘அவள் கதவைத் திறக்க மேனேஜ் செய்தாள்’ என்றால் கதவு திறந்துவிட்டது. ‘மேனேஜ் செய்யவில்லை’ என்றால் திறக்கவில்லை. ‘முயன்றாள்’ என்ற வினை இப்படி உறுதி தருவதில்லை. முயன்றவள் திறந்தாளா என்று இன்னொரு வாக்கியம் சொன்னால்தான் தெரியும். இன்னும் நுட்பமான செய்தி, திறந்தாள் என்றாலும் திறக்கவில்லை என்றாலும், அந்தக் கதவு எளிதில் திறக்கக்கூடியதன்று என்ற குறிப்பு மட்டும் மாறாமல் நிற்கிறது. அதாவது இந்த வினை ஒரு செய்தியைச் சொல்லும்போதே, அந்தச் செயல் கடினமானது என்ற தீர்ப்பையும் ஓசையில்லாமல் உள்ளே வைத்துவிடுகிறது.

நம் மாணவர்கள் இந்த இடத்தில், ‘கேன்’ என்பதன் இறந்தகால வடிவமான ‘குட்’ என்பதை எழுதிவிடுவார்கள். நேற்று பேருந்தைப் பிடித்துவிட்டேன் என்பதற்கு ‘யெஸ்டர்டே ஐ குட் கேட்ச் த பஸ்’ என்று எழுதுவது தமிழ்நாட்டு வகுப்பறைகளில் மிகச் சாதாரணம். ‘குட்’ என்பது இறந்தகாலத்தில் பொதுவாக இருந்த திறமையைச் சொல்வது; சிறு வயதில் நீந்தத் தெரியும் என்பது போன்ற வாக்கியத்துக்கு உரியது. குறிப்பிட்ட ஒரு நாளில் ஒரு முறை நிறைவேறிய செயலுக்கு ‘மேனேஜ்டு டு’ அல்லது ‘வாஸ் ஏபிள் டு’ வேண்டும். இந்த வேறுபாட்டைத் தமிழ்வழியில் காட்டுவது எளிது. ‘ஒருவழியாக’ என்று நாம் சொல்கிறோமே, அதுதான் இது. ஒருவழியாகப் பேருந்தைப் பிடித்துவிட்டேன். ‘ஒருவழியாக’ என்பதில் அலைச்சலும் இருக்கிறது, ‘பிடித்துவிட்டேன்’ என்பதன் ‘விடு’வில் நிறைவும் இருக்கிறது. இந்த இரண்டும் சேர்ந்ததே அந்த ஆங்கில அமைப்பு. அதனால்தான், வேலைக்கு விண்ணப்பிக்கும் இளைஞர்கள் ‘ஐ மேனேஜ்டு டு கம்ப்ளீட் மை டிகிரி’ என்று எழுதும்போது நான் அடித்துவிடச் சொல்வேன். படிக்கிறவருக்கு, தட்டுத்தடுமாறி ஒருவழியாகப் பட்டம் வாங்கியவர் என்றே அது கேட்கும்.

அலைச்சல் என்ற இந்தச் சாயல் இரண்டாவது அமைப்பிலும் மூன்றாவது அமைப்பிலும் இருக்கிறது. முதல் அமைப்பில், அதாவது செயப்படுபொருள் நேராக வரும்போது, இல்லை. கடையை மேனேஜ் செய்கிறவர் திணறுகிறார் என்று ஆங்கிலத்தில் யாரும் புரிந்துகொள்வதில்லை. மருத்துவமனைத் தாளில் இருந்த வாக்கியம் முதல் அமைப்பைச் சேர்ந்தது. நோயாளியே செயப்படுபொருள், செயப்பாட்டுவினையில் எழுதியதால் எழுவாயிடத்தில் நிற்கிறார். தமிழ்ப் பேச்சு எடுத்துக்கொண்டதோ மற்ற இரண்டு அமைப்புகளின் பொருளை. எதிர்வீட்டுப் பெண் அடைந்த அச்சம் இந்த இடைவெளியில் பிறந்தது. இலக்கணமாக இதைக் கண்டுகொண்டபோதும் எனக்கு நிறைவு ஏற்படவில்லை. அந்த வரி எழுதப்பட்ட நாட்களில் கட்டிலின் அருகில் என்னதான் நடந்தது என்று தெரியாமல் அந்தச் சொல்லை விளங்கிக்கொள்ள முடியாது என்று தோன்றியது.

வைத்துப் பார்ப்பது

நண்பர் ஒருவரின் மகள் அறுவைச் சிகிச்சை மருத்துவர். அவர் ஊருக்கு வந்திருந்தபோது, யாருடைய தாள் என்று சொல்லாமல், குடல்வால் கட்டியாகத் திரண்ட ஒருவரை ‘கன்சர்வேட்டிவ்’ ஆக மேனேஜ் செய்வது என்றால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். அவர் சொன்னதை நான் புரிந்துகொண்ட அளவில் எழுதுகிறேன். குடல்வாலில் அழற்சி ஏற்பட்டுச் சில நாட்கள் ஆகிவிட்டால், உடம்பே அதைச் சுற்றி ஒரு வேலி போட முயல்கிறது. வயிற்றுக்குள் இருக்கும் கொழுப்புத் திரையும் அருகிலுள்ள குடல் சுருள்களும் வந்து ஒட்டிக்கொண்டு, நோய் பரவாமல் அடைக்கின்றன. அதுதான் கையில் தட்டுப்படும் கட்டி. அந்த நேரத்தில் திறந்தால், ஒட்டிக்கிடக்கும் குடலைப் பிரிக்கும்போது நல்ல குடலே கிழிந்துபோகக்கூடும். ஆகவே காத்திருக்கிறார்கள். வாய்வழியாக எதுவும் கொடுப்பதில்லை. இரத்தக்குழாய் வழியாக நீரும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தும் ஏற்றுகிறார்கள். நாடித்துடிப்பையும் காய்ச்சலையும் குறித்த நேரத்துக்கு ஒருமுறை எழுதிவருகிறார்கள். கட்டியின் எல்லையை வயிற்றின் மேல் பேனாவால் கோடிட்டு வைத்து, அது சுருங்குகிறதா பெருகுகிறதா என்று தொட்டுப் பார்க்கிறார்கள். துடிப்பு ஏறினாலோ, வலி பரவினாலோ, கட்டி கோட்டைத் தாண்டினாலோ அடுத்த கணமே வழியை மாற்ற ஆயத்தமாக இருக்கிறார்கள். எல்லாம் தணிந்தால் சிறிது சிறிதாகக் குடிக்கக் கொடுத்து வீட்டுக்கு அனுப்புகிறார்கள். ஆறு முதல் எட்டு வாரம் கழித்து மீண்டும் பார்த்து, தேவைப்படுகிறவர்களுக்குக் குடல்வாலை எடுக்கிறார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிகாகோவின் ஆல்பர்ட் ஆக்ஸ்னர், லண்டனின் ஜேம்ஸ் ஷெரன் என்ற இரு அறுவை மருத்துவர்கள் வகுத்த முறை என்பதால் அவர்கள் பெயராலேயே அது வழங்குகிறதாம்.

இதையெல்லாம் சொல்லி முடித்தபின், “மாமா, ஆபரேஷன் பண்றதைவிட, பண்ணாம வச்சுப் பார்க்கறதுதான் கஷ்டம். ராத்திரி ரெண்டு மணிக்கும் எழுந்து போய் வயித்துல கை வச்சுப் பார்க்கணும்” என்றார்.

அந்த ஒரு பேச்சில் எனக்கு எல்லாம் தெளிந்தது. வயிற்றின் மேல் வைத்த கை, அந்தச் சொல்லின் வேரில் இருக்கும் அதே கை. ‘கன்சர்வேட்டிவ்’ என்பதும் அங்கே பழமையைப் பற்றியதன்று. உடம்பின் உறுப்பையும் உடம்பு தானே எழுப்பிய வேலியையும் காப்பது என்ற மூலப்பொருளில் நிற்கிறது. எதுவும் செய்யாமல் அனுப்பிவிட்டார்கள் என்று ஒரு குடும்பம் அஞ்சிய அந்த நாட்களில், மணிக்கணக்கில் உழைப்பு நடந்திருக்கிறது. அந்த உழைப்பு முழுவதையும் ஒற்றை வினை விழுங்கிவிட்டு நிற்கிறது. மருத்துவர்களுக்குள் அந்த வரியைப் படிக்கும் இன்னொரு மருத்துவருக்கு அது போதும். அவர் விழுங்கப்பட்ட அத்தனையையும் மீட்டுக்கொள்வார். குடும்பத்துக்குப் போதாது.

அதைவிட என்னை வியக்க வைத்தது, அந்த மருத்துவர் எதையும் யோசிக்காமல் சொன்ன ‘வச்சுப் பார்க்கறது’ என்ற தமிழ். மேனேஜ் என்பதற்கு ஈடான தமிழ் எது என்று நான் அகராதிகளில் தேடிக்கொண்டிருந்தேன். அது எல்லார் வாயிலும் இருந்திருக்கிறது. தமிழில் வைத்தியம் பார்க்கிறோம், பிரசவம் பார்க்கிறோம், கணக்குப் பார்க்கிறோம், வேலை பார்க்கிறோம். அப்பா இல்லாதபோது கடையை மகன் பார்த்துக்கொள்கிறான். கிடையில் விழுந்த மாமியாரை மருமகள் பார்த்துக்கொள்கிறாள். உதவிக்கு வரட்டுமா என்று கேட்டால், வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்கிறோம். ஆங்கில வினையின் மூன்று அமைப்புகளும் இந்த ஒரு தமிழ் வினையில் ஏறக்குறைய முழுதாக அடங்குகின்றன. ஆங்கிலம் கையிலிருந்து தொடங்கியதைத் தமிழ் கண்ணிலிருந்து தொடங்குகிறது. குதிரைக்கு இணையான வழக்கும் நம்மிடம் உண்டு: அடங்காத பிள்ளையைப் பற்றி, ‘இவனைக் கட்டி மேய்க்க முடியவில்லை’ என்று சொல்லாத தாய் உண்டா? மேய்ப்பதும் பார்ப்பதும் ஒரே தொழில்தான்.

மேனேஜ் என்பதற்கு வழக்கமாகச் சொல்லும் ‘சமாளி’ என்பதை நான் குறைத்துச் சொல்லவில்லை. நெருக்கடியில் நிலைகுலையாமல் நிற்பதற்கு அதைவிட நல்ல சொல் இல்லை. ஆனால் அதில் அடி விழுவது நம் மேல்; நாம் தாக்குப்பிடிக்கிறோம். பார்த்துக்கொள்வதில் நம் கவனம் இன்னொன்றின் மேல் இருக்கிறது. மருத்துவர் நோயாளியைச் சமாளித்தார் என்றால் நோயாளியே தொல்லை ஆகிவிடுகிறார்.

குணமாகாத நோய்கள்

நீரிழிவை நினைத்துப் பார்த்தால் இந்தச் சொல்லின் தேவை இன்னும் தெளிவாகத் தெரிகிறது. 1922 ஜனவரியில் டொரோண்டோவில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதன்முதலாக இன்சுலின் செலுத்தப்பட்டது. அதற்கு முன் அவனைப் போன்ற பிள்ளைகளுக்கு அந்த நோய் என்றால் சில மாதங்களிலோ சில ஆண்டுகளிலோ சாவு. இன்சுலின் நோயை ஒழிக்கவில்லை. சாவைத் தள்ளி, நோயோடு வாழும் நெடுங்காலத்தைக் கொடுத்தது. குணப்படுத்துதல் என்ற வினைக்கு அந்த நெடுங்காலத்தில் வேலை இல்லை. ஒவ்வொரு வேளை உணவிலும், ஒவ்வொரு ஊசியிலும், கால் விரலிடுக்கில் புண் இருக்கிறதா என்று பார்ப்பதிலும் தொடரும் ஒரு செயலுக்கு வேறு வினை வேண்டும். ஆங்கில மருத்துவம் அதற்கு இந்த வினையை எடுத்துக்கொண்டது. நம் ஊர் மருத்துவமனைகளில் ‘சுகர் கன்ட்ரோல்ல இருக்கா’ என்றே கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு ஆம், இல்லை என்ற இரண்டு விடைகளே உண்டு. இல்லை என்று சொல்பவர் குற்றவாளியைப் போலத் தலைகுனிகிறார். எப்படிப் பார்த்துக்கொள்கிறீர்கள் என்று கேட்டால், அவர் சொல்லத் தொடங்குவார்: காலையில் வேலைக்கு ஓடுவதால் உணவு தள்ளிப்போகிறது, ஊசி குளிர்சாதனப் பெட்டி இல்லாத இடத்தில் கிடக்கிறது, மாத்திரை இரண்டு நாளாகத் தீர்ந்துவிட்டது என்று. சிகிச்சைக்கு வேண்டிய செய்தி அவற்றில்தான் இருக்கிறது.

‘மேலாண்மை’ என்ற கலைச்சொல்லைப் பற்றி என் கருத்தைச் சொல்லிவிட வேண்டும். நிறுவனத்துக்கும் திட்டத்துக்கும் அது நன்றாகவே பொருந்துகிறது. மேலாளர் என்ற சொல்லும் மேனேஜரை அழகாகப் பெயர்த்துவிட்டது. நீர் மேலாண்மை என்பதையும் ஏற்றுக்கொள்கிறேன். பேரிடர் மேலாண்மை என்பது 2005ஆம் ஆண்டின் சட்டத்தின் பெயரிலேயே இடம்பிடித்துவிட்டது. ஆனாலும் புயலுக்கு மேல் நின்று ஆள்பவர் எவர் என்ற கேள்வி எனக்கு எழாமல் இல்லை. ‘வலி மேலாண்மை’ என்று ஒரு பலகையைப் பார்த்தால், வலியோடு வரும் கிழவிக்கு அது எதையும் சொல்வதில்லை. ‘வலியைக் குறைத்து, தூங்கவும் நடக்கவும் உதவும் பிரிவு’ என்று எழுதினால் நீளம் கூடும். படித்தவுடன் உள்ளே நுழைவாள். பெயர்ச்சொல்லாக இறுகிவிட்ட இடங்களில் எல்லாம் வினையை அவிழ்த்துப் போட்டு, யார், யாருக்கு, என்ன செய்கிறார் என்று சொல்வதே தமிழின் இயல்பு. டிஸ்சார்ஜ் சம்மரியும் அப்படித்தான் எழுதப்பட வேண்டும். மருத்துவருக்கான ஆங்கிலப் பகுதி அப்படியே இருக்கட்டும். அதன் கீழே நான்கு வரி தமிழ் இருந்தால் போதும்: என்ன நோய், ஏன் ஆபரேஷன் செய்யவில்லை, இங்கே இருந்த நாட்களில் என்ன கொடுத்தோம், எந்த அறிகுறி தெரிந்தால் உடனே திரும்பி வர வேண்டும். இந்த நான்காவது வரி ஓர் உயிரைக் காக்கக்கூடியது. ‘மேனேஜ்டு கன்சர்வேட்டிவ்லி’ என்ற வரியிலிருந்து அதை எந்தக் குடும்பமும் ஊகித்துக்கொள்ள முடியாது.

செயப்படுபொருள் இல்லாத கேள்வி

மூன்றாவது அமைப்பைப் பற்றிச் சொல்ல இன்னும் இருக்கிறது. முதியவர் ஒருவர் கனமான பையோடு படியேறும்போது உதவ முன்வந்தால், ஆங்கிலத்தில் ‘ஐ கேன் மேனேஜ்’ என்பார். உதவியை மறுப்பதற்கு அதைவிட மரியாதையான வாக்கியம் அந்த மொழியில் இல்லை. அதுவே கேள்வியாக வரும்போது சிக்கலாகிறது. நெடுநாள் நோயாளியை வைத்துப் பராமரிக்கும் வீட்டுக்குப் போகிறவர்கள், ஆங்கிலத்தில் ‘ஹவ் ஆர் யூ மேனேஜிங்’ என்றும், தமிழில் ‘எப்படிம்மா சமாளிக்கிறீங்க’ என்றும் கேட்கிறார்கள். அன்போடுதான் கேட்கிறார்கள். ஆனால் செயப்படுபொருள் இல்லாத அந்தக் கேள்விக்கு, செயப்படுபொருள் இல்லாத விடைதான் கிடைக்கும்: ‘ஏதோ போகுது’, ‘சமாளிக்கிறேன்’. கேட்டவர் நிம்மதியோடு எழுந்து போய்விடலாம். எதைச் சமாளிக்கிறார், எந்த நேரத்தில் முடியாமல் போகிறது, எத்தனை இரவு தூங்கவில்லை என்பது வெளியே வராது.

பக்கவாதத்தில் விழுந்த தாயைப் பார்த்துக்கொள்ளும் உறவுக்காரப் பெண் ஒருத்தியிடம் இப்போதெல்லாம் நான் அப்படிக் கேட்பதில்லை. ராத்திரி புரட்டிப் படுக்கவைப்பது யார், நீ குளிக்கப் போகும் நேரத்தில் பக்கத்தில் யார் இருக்கிறார்கள், இந்த வாரம் மருந்துக் கடைக்கு யார் போனார்கள் என்று கேட்கிறேன். முதல் முறை கேட்டபோது, மருந்துக் கடைக்குப் போக ஆளில்லாமல் இரத்த அழுத்த மாத்திரை முந்தின நாளே தீர்ந்துபோயிருந்தது தெரியவந்தது. சீட்டை வாங்கிக்கொண்டு கடைக்குப் போனேன்.